பாதைக்காரரின் டின்மீன் நாய்க்குட்டி

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வலைபோட்டுத் தேடினாலும் பாதைக்காரரைப் போல ஒரு விசரன் அகப்படமாட்டான். எங்கள் பக்கம் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். அதை ஓட்டியவர் அவர். பட்டணப் பக்கம் ஆமி காவல் நிற்கும் சென்றி, மேற்கே படுவான்கரையில் இயக்கம், நடுவில் இவர். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போன வாத்தியார். தினமும் இரண்டு வேளை அவருடைய வாய்க்கு அகப்படுவேன்.

ஆமி விட்டுப்போன காம்ப் ஒன்றில், வெற்றுத் தகரங்களுக்குள் கிடந்த நாய்க்குட்டியைப் படுவான்கரையில் இருந்த தன் வீட்டுக்குத் தூக்கிப்போனார். அது டின்மீன் தின்று வளர்ந்த பிரபு. சோற்றை முகர்ந்துவிட்டுத் தட்டைத் தாண்டிப் போகும். துள்ளத் துள்ளப் பிடித்த இறாலை அவித்து வைத்தார். சீதனத்தில் குறை கண்ட மாப்பிள்ளையைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

படுவான்கரைக்கு டின்மீன் கொண்டுபோக ஆமி விடாது. இயக்கத்துக்குப் போய்விடுமாம்.

"டின்மீன் போகத்தானே சேர் தடை? நாய் வரத் தடையில்லையே!" என்றார் பாதைக்காரர்.

அன்றிலிருந்து குட்டி தினமும் பாதையேறி வந்து, சென்றிக்குப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு, வயிறு உப்பித் திரும்பியது. ஆமிக்காரர்கள் குட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பாதைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் வினையானது. ஆமியோடு தினமும் சிரிக்கிறவன் என்ன தகவல் கொடுக்கிறான் என்று அக்கரையில் இயக்கத்துக்குள் கேள்வி எழுந்தது. அவரையும் குட்டியையும் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அவருக்காகச் சொல்ல நானும் போனேன்.

"நாய் சோறு தின்னாதெண்டு சொன்னா நாங்க நம்பணுமா?" என்றார் விசாரித்தவர். மீன்குழம்பு ஊற்றிய சோற்றை வைத்தார். "மூண்டு நாள் பாப்பம் ஐயா. அது திண்டா நீங்க பொய்யர். பொய்யரை நாங்க என்ன செய்யிறெண்டு தெரியும்தானே?"

பள்ளி விட்டதும் தினமும் போய்ப் பார்த்தேன். முதல் நாள் தின்னவில்லை. இரண்டாம் நாளும் தண்ணீர் மட்டும்தான். என் வாழ்க்கையிலேயே ஒரு நாய் பட்டினி கிடக்கவேண்டும் என்று நான் கோயிலில் நேர்ந்துகொண்டது அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் நாள் பின்னேரம். கெடு முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. குட்டி எழும்பப் பார்த்து, கால் மடங்கி விழுந்தது. பாதைக்காரர் போய் அதன் பக்கத்தில் குந்தினார். சோற்றைப் பிசைந்து உருட்டி அதன் வாயருகே நீட்டினார்.

"ஒள்ளுப்பம் தின்னு மனே. ஒரு வாய் போதும்."

"அண்ணே, உங்களுக்கு விசரா? கீழ வைங்க!" என்று கத்தினேன்.

"சாகப்போகுது சேர்," என்றார்.

அவர் கையிலிருந்து அது தின்றது.

அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் வரவேயில்லை. குட்டியை நான்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பழஞ்சோறு, காய்ந்த பாண், கருவாட்டுத் தலை, எதை வைத்தாலும் தின்றது. எனக்குத்தான் பல நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த மனிசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.