செயலாளர் வீட்டுக் கைப்பிடி

அடுக்ககச் சங்கச் செயலாளர் அவர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். கைப்பிடி சார் திருடன் இல்லை. அம்பத்தூரில் அவரைப்போல் பாடம் நடத்த ஒருவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

டியூஷனில் உயிரியல் எடுப்பவர். லிஃப்டில் அவரோடு மாட்டினால் உடம்பிலுள்ள செல்லில் பாடத்தைத் தொடங்கிவிடுவார். அவருக்குப் பயந்து படியேறியே எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேருக்குத் தொப்பை கரைந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு பெண். பெயர் வேண்டாம். அவருக்கு எச்ஐவி என்று மாத்திரை டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டீர்கள். கூட்டம் போட்டுக் காலி செய்யச் சொன்னீர்கள். சார் எழுந்தார்.

"தொட்டா வராது. அந்த வைரஸ் செல்லுக்குள்ள பூந்ததும் வாசல்ல கீற ரிசெப்டரைத்தான் காலி பண்ணும்."

முதல் மாடிக்காரர் பதறினார். "வெள்ளிக்கிழமை எம் பொண்ணு ரிசப்ஷன். அதை எதுக்கு சார் காலி பண்ணுது?"

"ரிசப்ஷன் இல்ல நைனா, ரிசெப்டர். கதவு கைப்பிடி மாரி."

யாருக்கும் புரியவில்லை. மறுநாள் காலை சார் ஸ்குரூ டிரைவரோடு போய் உங்கள் வீட்டுக் கைப்பிடியைக் கழற்றினார். உள்பக்கத்துக் கைப்பிடியும் சேர்ந்து விழுந்தது. நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டீர்கள். சார் படிக்கட்டில் உட்கார்ந்து பாடத்தைத் தொடங்கினார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"இந்த கைப்பிடிய புட்சிகினுதான் வைரஸ் உள்ள வந்துச்சு. வந்ததும் அத்தையே உள்ள இஸ்து நொறுக்கிடும். இன்னாத்துக்கு?"

"ஆபீஸ் போகணும்ங்க சார்" என்று உள்ளிருந்து கத்தினீர்கள்.

"இன்னொரு வைரஸ் உள்ள வரக்கூடாது. இங்க பொறந்த குட்டிங்க வெளிய போறப்போ கைப்பிடில சட்டை மாட்டிக்கக் கூடாது. வைரஸுக்குத் தேவை ரத்தத்துல கீற செல்லு. அந்தப் பொண்ணு தொட்ட லிஃப்ட் பட்டன் இல்ல. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க சார். அவங்க இங்கயே இருக்கட்டும். கதவைத் திறங்க."

சார் கைப்பிடியைத் திரும்ப மாட்டியதும் கதவு திறந்தது. அன்று மாலையே கைப்பிடித் திருடன் என்று சொல்லி சாரையும் காலி செய்ய வைத்தீர்கள். அந்தப் பெண்ணின் கதவில், காலி செய்யச் சொல்லி நீங்கள் ஒட்டிய நோட்டீஸ் இன்னும் இருக்கிறது.

போன வாரம் சாரைத் திருநின்றவூரில் பார்த்தேன். வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தாளுக்கு நெசமாவே புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். 'அவங்க இங்கயே இருக்கட்டும்' என்று சொன்னீர்களா இல்லையா?

சாரை நான் கூட்டி வருகிறேன். லிஃப்டிலேயே.