சைரனுக்கு எழுந்திருக்காதவள்

ஆம்பூர்
20.11.2007

கர்த்தருக்குள் அன்பான இன்பசேகரன் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் ஃபீபி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி தேவலை என்று நம்புகிறேன். இங்கே தங்கியிருக்கும் உங்கள் மகன் ஜெஸ்டன் நன்றாகச் சாப்பிடுகிறார், கோபம்தான் குறையவில்லை. அவர் போனில் சொன்னதை வைத்து, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி அந்த ஆட்டத்துக்குப் போகக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நேரில் உங்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுத்தில் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆட்டத்துக்குப் போவேன்.

எங்கள் ஷூ கம்பெனியில் அவர் கட்டிங் சூப்பர்வைசர், நான் தையல். கம்பெனிக்கு எதிரே மக்பூல் அகமது பாய் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஞாயிறு, சர்ச் முடிந்து, அங்கே கட்டிங்கில் ஐந்து பேரும் தையலில் நாங்கள் ஐந்து பேரும் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் மோதினோம். திரையில் ஆளுக்கொரு வீரர், மூன்று பாதை, வழியெல்லாம் காவல் கோபுரம், கடைசியில் எதிரியின் கோட்டை. கோட்டையை முதலில் இடிப்பவர்களுக்கே வெற்றி. ஆளை வெட்டிப் பிரயோஜனமில்லை, செத்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். இது உங்கள் மகனுக்குப் புரியவில்லை மாமா. கோட்டையை விட்டுவிட்டு, எங்கள் கத்தி வீரராக ஆடிய ஷஹீன் பானுவைக் காடெல்லாம் துரத்திக்கொண்டிருந்தார். யாரும் எடுக்காத வைத்தியக் கிழவி என் பங்கு. பின்னாலேயே நின்று மற்றவர்கள் காயத்தை ஆற்றுவேன். யாரும் கிழவியைப் பார்ப்பதில்லை, எனக்கும் அதுதான் வசதி.

கோபுரமெல்லாம் விழுந்து இரண்டு கோட்டையும் ஆடிக்கொண்டிருந்தபோது, சரக்கு கப்பலேற வேண்டுமென்று அன்றும் ஓவர்டைம் ஓடிய கம்பெனியில் ஒரு மணி சாப்பாட்டு சைரன் அடித்தது. ஒன்பது பேரும் மெஷினிலிருந்து கையை எடுப்பதுபோல் மவுசை விட்டு எழுந்துவிட்டார்கள். உங்கள் மகன் லைனாகப் போகச் சொல்லிக் கையே தட்டினார். நான் எழவில்லை. கம்பெனியிலும் கூட்டத்தில் இடிபடக் கூச்சப்பட்டு எல்லோரும் போன பிறகுதான் எழுவேன். உட்கார்ந்தபடியே கிழவியைத் தனியாக நடத்திப் போய் எதிரிக் கோட்டையைத் தடியால் தட்டினேன். மற்றவர்கள் அன்று கொண்டுவராத டிபன் பாக்ஸைத் தேடி முடிப்பதற்குள் கோட்டை விழுந்துவிட்டது.

"சைரன் அடிச்சப்புறம் செஞ்ச வேல செல்லாது" என்றார் உங்கள் மகன்.

"சைரன் உங்க கம்பெனிக்கு தம்பி, என் கடைக்கு இல்ல" என்றார் பாய்.

"இன்னா சார், மொதல்ல எழுந்ததே நீங்கதானே" என்றாள் ஷஹீன் பானு.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து, தப்பு யாருடையதானாலும் சாரி சொல்வது நான்தான். இதில் என் தப்பு எதுவும் இல்லை. வரும் ஞாயிறு எங்கள் கம்பெனி வாணியம்பாடிக்காரர்களோடு ஆடுகிறது. வைத்தியக் கிழவியின் நாற்காலி என்னுடையது. நீங்களே வந்து கேட்டாலும் தரமாட்டேன், தலையை மட்டும் குனிந்துகொள்வேன்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். அத்தைக்கு என் அன்பு.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஃபீபி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஜெஸ்டன் வந்தார். மன்னிப்பு வேண்டாமாம், வாணியம்பாடி ஆட்டத்தில் ஓர் இடம் கொடுத்தால் போதுமாம். கிழவியின் நாற்காலியை அவருக்கே கொடுத்துவிட்டேன். ஷஹீன் பானு அன்று கல்யாணத்துக்குப் போகிறாள், அதனால் கத்தி வீரர் நான். எனக்குக் காயம் பட்டால் ஆற்ற வேண்டும், என் பின்னாலேயே வாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றார்.