ஒன்பது சிரட்டை ரப்பர் பால்

ரப்பர் பால் உடுப்பில் பட்டால் போகாது. பாறசாலைப் பக்கத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். அடி வாங்கிப் படிக்கிற முதல் பாடமே அதுதான். பள்ளிக்கூடச் சட்டையோடு ரப்பர் மரத்துப் பக்கம் போய்விட்டு வந்தவனுக்கு வீட்டில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கியும் என்ன பயன்? முப்பத்தெட்டாவது வயதில், ஏழு விருந்தாளிகளை வைத்துக்கொண்டு அதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (இப்போதும் அங்கேதான். இந்தக் கதையில் வேலை மட்டும் போகவில்லை.) ரயிலில் போய் வந்ததில் வயிறு முன்னால் போகத் தொடங்கியதால் பழைய கிராவல் பைக் ஒன்றை வாங்கினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, அதைவிடத் தடித்த டயர். தார் ரோடு, செம்மண், சரல் கல், கால்வாய்க் கரை எதுவானாலும் ஓடும். நகரத்தில் இப்படி ஓட்டுகிற ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தேன். அவர்களுக்குத் தலைவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மீசை தனியாக ஒரு உறுப்பினர் மாதிரி குழுவுக்கு முன்னால் போகும்.

என் மனைவி ஷீபா காலையில் பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்கப் போவாள். பக்கத்துத் தோட்டம் தாசையன் அண்ணனுடையது. அதில் உள்ள மரங்களை அவள்தான் வெட்டுகிறாள். அதோடு, அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே காலைச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மரச்சீனிக் கிழங்கு, மீன் கறி, புட்டு, கடலை. அவளுடைய கைப்பக்குவத்தைப் பற்றி நான் சொன்னால் பயந்து சொல்கிறேன் என்பீர்கள். மூன்று மாதமாக வந்தவர்கள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர்கள். வந்தார்கள், சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள், போனார்கள். இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், ஆள் வராவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று ஷீபா சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கேப்டனிடம் பேசினேன். எங்கள் ஊர் வழியாக ஒரு சவாரி, முடிவில் என் வீட்டில் சாப்பாடு. வழியும் சாப்பாடும் பிடித்தால் மாதம் இரண்டு ஞாயிறு வருவோம், மற்ற குழுக்களுக்கும் சொல்வோம் என்றார். ஒரே நிபந்தனை: ஒன்பது மணிக்கு இலையில் உட்கார வேண்டும், பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அவருக்கு ஏதோ கல்யாணம் இருந்தது.

முந்தின நாள் ஷீபா என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள்.

"ஒம்பது மணிக்கு ஆளுகள வீட்டுல கொண்டு சேத்தா போரும். வேற ஒண்ணும் நீங்க செய்யாண்டாம். வாய வச்சிட்டு சும்மா இருங்க, கேட்டியளா?"

"நான் என்னத்தப் பேசப் போறேன்?"

"அதாக்கும் எனக்கப் பயம்."

காலையில் பாறசாலை ரயில் நிலையத்தில் ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். நான் வழிகாட்டி. அந்தச் சொல்லே எனக்கு லேசாகத் தலையில் ஏறியிருந்தது. தனுவச்சபுரம் வழியாக ஏறி இறங்கி, நெய்யாற்றின்கரைக் கோயிலில் ராஜா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் பலா மரத்தைக் காட்டினேன். எதிரிகள் துரத்தி வந்தபோது ஒரு ராஜாவே இதன் பொந்துக்குள் நுழைந்து தப்பினார் என்று நானே கூட இருந்து பார்த்த மாதிரி விவரித்தேன். பிறகு ஆற்றங்கரையோடு இறங்கி, திருப்புறத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே சரல் பாதையில் போனோம். ஆற்றில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கேப்டன், "கொள்ளாம், நல்ல வழி" என்று புகழ்ந்தார். குளத்தூர் தாண்டும்போது மணி எட்டேகால். வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். அப்படியே போயிருக்கலாம்.

தாசையன் அண்ணனின் ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழைந்ததும் கேப்டனின் பின் டயர் 'உஸ்' என்றது. மூங்கில் முள். இந்த மாதிரி சைக்கிள்களில் டயருக்குள் ட்யூப் கிடையாது. வெள்ளையாகப் பால் போல ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். ஓட்டை விழுந்தால் அது வந்து அடைத்துக்கொள்ளும். கேப்டனின் டயரில் அது காய்ந்து போயிருந்தது.

"சாரமில்ல. என்றெ கையில ட்யூப் உண்டு. அஞ்சு நிமிஷம் மதி" என்று கவலையே இல்லாமல் அவர் பையைத் திறந்தார்.

அவரை அதை எடுக்க விட்டிருக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் ட்யூப் போட்டிருப்பார்; நானும் மானத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் நான் சுற்றிலும் பார்த்தேன். ஒவ்வொரு மரத்திலும் பால் வடியக் கட்டிய ஒரு சிரட்டை. ஒவ்வொரு சிரட்டையிலும் ஷீபா விடியலில் வெட்டிவிட்டுப் போன பால். கடையில் சின்னக் குப்பியில் விற்கிற அந்தத் திரவத்திலும் ரப்பர் பால்தானே இருக்கிறது என்று எங்கோ படித்தது என் மூளையில் பளிச்சென்று எரிந்தது. (அது உறையாமல் இருக்க என்னென்னவோ சேர்ப்பார்கள் என்பதும் அதே இடத்தில்தான் எழுதியிருந்தது. அந்த வரி வரை நான் படிக்கவில்லை.)

"ரப்பர் நாட்டுக்கு வந்துட்டு ட்யூபா சார்?" என்றேன்.

டயரின் ஓரத்தை ஒரு பக்கம் கழற்றி மூன்று சிரட்டைப் பாலை ஊற்றினேன். பிறகு கைப்பம்பால் காற்று. முள் குத்திய ஓட்டையில் வெள்ளையாக நுரை வந்தது, குமிழி விட்டது, நின்றது. அடைத்தே விட்டது! ஏழு பேரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் ஒரே நேரத்தில் ஏழு பேர் கை தட்டியது அன்றைக்குத்தான். எனக்கும் ஊற்றுங்கள், எனக்கும் ஊற்றுங்கள் என்று இரண்டு பேர் சைக்கிளை நீட்டினார்கள். ஊற்றினேன். மொத்தம் ஒன்பது சிரட்டை.

கேப்டன் தன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "குறச்சு கூடி" என்று இன்னும் கொஞ்சம் காற்று கேட்டார். குனிந்து அடித்தேன். அந்த அதிசய ஓட்டையை நெருக்கத்தில் பார்க்க எல்லோரும் தலையை உள்ளே விட்டு வட்டமாக நின்றார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். கழற்றின ஓரத்தை நான் சரியாக உட்கார வைக்கவில்லை என்பது அப்போது டயருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

டபார்.

கண்ணைத் திறந்தபோது குழுவின் கறுப்பு உடுப்பில் வெள்ளைப் புள்ளி குத்திய எட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் கையால் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க அது நூலாக இழுத்தது. ஒருவர் காலில் பட்டதை உரிக்கப் போக, முடியும் சேர்ந்து வந்தது. அவர் போட்ட சத்தத்தில் தோட்டத்துக் காக்கை எல்லாம் எழும்பிப் போயின. கேப்டனுக்குத்தான் பங்கு அதிகம். மீசையின் இடது பாதி கன்னத்தோடு ஒட்டி, உதட்டையும் மேலே இழுத்துக்கொண்டது. மனிதர் கொதித்துக்கொண்டிருக்கிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. "எந்தாடோ இது?" என்று அவர் கேட்டபோதும் முகம் என்னவோ கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

ட்யூப்பை எடுத்தோம். அது எடுத்தவர் கையோடு ஒட்டிக்கொண்டது. சரி, தள்ளிக்கொண்டு நடப்போம் என்றார்கள். வெயில் ஏறியது. நான் பால் ஊற்றிய மற்ற இரண்டு டயர்களிலும் உள்ளே பால் திரண்டு, உருளும்போது தொப், தொப் என்று கேட்கத் தொடங்கியது. அந்த மேளத்தோடு சந்திப்பில் இருக்கும் சர்ச்சைக் கடக்கும்போது சரியாக முதல் ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"எலே மக்கா, பெயின்ட் அடிக்க வந்த ஆளுகளா?" என்று ஒரு அக்கா கேட்டாள்.

"இல்லக்கா."

"பின்ன என்னத்துக்கு இந்தக் கோலம்?"

எனக்கும் பொந்துள்ள ஒரு பலா மரம் தேவைப்பட்டது. மூன்று மாதமாக ஷீபா காத்திருந்த ஒரு காலை. அதைக் கெடுக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டியிருக்கவில்லை. உண்மையாகவே கண் கலங்கியது. ரப்பர் பால் பட்டதால் என்று பக்கத்தில் வந்தவரிடம் சொன்னேன்.

வீட்டு முற்றத்தில் ஷீபா நின்றாள். மணி பத்து. அவளிடம் தாசையன் அண்ணன் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒம்பது சிரட்ட காலியாக்கும்! பட்டப் பகல்ல கள்ளன் கேறியிருக்கான்! நான் சும்மா விடமாட்டேன்!"

அப்போதுதான் நாங்கள் வரிசையாக உள்ளே நுழைந்தோம். அண்ணன் திரும்பினார். தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு மெதுவாக எண்ணினார்.

"கள்ளன் ஒருத்தன் இல்ல ஷீபா. எட்டு பேராக்கும்."

ஷீபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பாத்திரம் நிறையத் தேங்காய் எண்ணெய் இருந்தது.

"யாரும் புடிச்சு இழுக்காதீங்க, தோல் போயிரும். எண்ணெ போட்டு இருங்க. ஊறினா தானா வரும். அண்ணா, உங்க வீட்டுல கைலி எத்தன உண்டு?"

"எடுத்துட்டு வாறேன்" என்றார் அண்ணன். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

ஏழு பேரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து எண்ணெயில் ஊறினார்கள். அரை மணி நேரம். அடுக்களையிலிருந்து மீன் கறி மணம் வந்துகொண்டே இருந்தது. கேப்டன் எண்ணெய் தொட்டுத் தொட்டு மீசையை இழை இழையாக விடுவித்தார். பிறகு கிணற்றடியில் குளியல். எட்டு மணி முதல் பசித்தவர்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்து, தாசையன் அண்ணனின் கட்டம் போட்ட கைலிகளைக் கட்டிக்கொண்டு இலையில் உட்கார்ந்தால் எப்படிச் சாப்பிடுவார்கள்? மரச்சீனி இரண்டாவது தடவை வேக வைக்க வேண்டி வந்தது. கேப்டன் கல்யாணத்துக்குப் போகவில்லை. நான்காவது முறை மீன் கறி வாங்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. மீசை விடுபட்ட பிறகும் இருந்ததால் அது நிஜச் சிரிப்பு என்று தெரிந்துகொண்டேன்.

"இனி எப்போழா?" என்றார் ஷீபாவிடம். அடுத்து எப்போது வரலாம் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ஷீபா பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இப்போது மூன்று குழுக்கள். எண்ணெய்க் குளியலும் கைலியும் சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டன. அது இல்லாமல் உட்கார மாட்டோம் என்கிறார்கள். ஷீபா அடுக்களைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி ஏழு கொக்கிகள் அடித்து ஏழு கைலி தொங்க விட்டிருக்கிறாள். வழிகாட்டிப் பதவி என்னிடமிருந்து போய்விட்டது. நான் கடைசியில்தான் வர வேண்டும். ரப்பர்த் தோட்டம் வந்தால் மட்டும் கேப்டன் விசில் அடிப்பார். அப்போது நான் முன்னால் போய், எல்லோர் கண்ணிலும் படும்படி ஓட்ட வேண்டும்.

அன்றைக்குத் தொப் தொப்பென்று வந்த டயர்களில் ஒன்றைப் பிரித்தபோது உள்ளே இருந்து முழ நீளத்துக்கு மேல் ஒரு ரப்பர் துண்டு, பாம்பு மாதிரி வளைந்து வந்தது. ஷீபா அதைச் சாப்பாட்டு அறையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் இது என்ன என்று கேட்காமல் இருப்பதில்லை. கேட்டதும் அவள் கரண்டியைக் கீழே வைப்பாள். என்னை வாழை இலை வெட்டப் பின்னால் அனுப்பிவிடுவாள். போன ஞாயிறு வெட்டிக்கொண்டு நிற்கும்போது காதில் விழுந்தது: அவள் சொல்லும் கதையில் சிரட்டை இருபதாகியிருந்தது, சாட்சிக்குத் தாசையன் அண்ணனும் தலையாட்டிக்கொண்டிருந்தார். திருத்தலாம் என்று உள்ளே போனேன். எல்லா இலைக்கும் முன்னால் ஆள் இருந்தது. திருத்தாமலே இலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.