செல்லாத அஞ்சு பவுண்டு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பஸ் ஏறின அத்தனை பேருக்கும் அயர்லாந்து சரித்திரம் சொல்லிக்கொடுத்த மனிதர் ஒருவர் உண்டு. நான் நாலாம் வகுப்போடு கல்லுடைக்கப் போனவன். ஒற்றைச் சுத்தியலில் தொடங்கி, இன்று ஆரியங்கோட்டில் சொந்தக் குவாரி வைத்திருக்கிறேன். எனக்கே அந்தச் சரித்திரம் மனப்பாடம் என்றால் படித்தவர்கள் கதியைக் கேட்க வேண்டாம்.

ஊர் அவருக்கு வைத்த பேர் அயர்லாந்து. அதற்கு முன்னால் கண்டக்டர். கொல்லயில் ஊர்க்காரர், மூன்று தலைமுறையாக மிஷன் சபைப் புராட்டஸ்டண்ட். கிழிந்த நோட்டு கொடுத்தார் என்று சொந்த மாமனாரையே பாதி வழியில் இறக்கிவிட்டவர்.

அவர் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அங்கே ஒரு விவசாயியின் மகனைக் கட்டப்போவதாகப் போன் செய்தாள். பையன் ரோமன் கத்தோலிக்கன். "ஆர்.சி.க்காரனுக்குக் குடுக்கமாட்டேன். நேரில போய் முடக்கிட்டு வாறேன்" என்று விமானம் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். முடக்கப் போனவரே முடங்கியிருந்தார்.

நடந்தது இது. பையனின் அப்பா இவரைத் தன் வயலில் இருந்த ஒரு தட்டைப் பாறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு காலத்தில் அங்கே புராட்டஸ்டண்ட் ஆட்சி. கத்தோலிக்கனுக்கு ஓட்டு கிடையாது, நிலம் வாங்க முடியாது. சாமியார்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தார்கள். ஜனங்கள் ஒளிந்து வந்து அந்தப் பாறையில்தான் பூசை வைத்தார்கள். பட்டாளம் வருகிறதா என்று பார்க்க ஒருவன் மேட்டில் நிற்பான். நல்ல குதிரை வைத்திருந்தாலும் ஆபத்து. எந்தப் புராட்டஸ்டண்ட்காரனும் அஞ்சு பவுண்டை நீட்டிவிட்டு அதை ஓட்டிக்கொண்டு போகலாம்.

"சட்டம் ஆக்கும் மக்கா. மறுபேச்சு கிடையாது" என்பார் நம்மாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்தக் கிழவர் பழைய அஞ்சு பவுண்டு நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தாராம். "அன்னைக்கு உங்க ஆளுக நீட்டினாங்க, நாங்க குடுத்தோம். இன்னைக்கு நான் நீட்டுறேன்." மகள்தான் மொழிபெயர்த்தாள். கூடவே, "நான் என்ன குதிரையான்னு கேட்டாச்சு அப்பா. குதிரை இவ்வளவு பேசாதுங்கறாரு" என்றாள்.

சட்டம் என்றால் கண்டக்டருக்கு உயிர். நோட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டார். அது அங்கே பவுண்டு போய் யூரோ வருவதற்கு முந்தின நோட்டு, செல்லாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்த மறுநாளே பூவார் கடற்கரைக்குப் போனார். அங்குள்ள கத்தோலிக்கர்களிடம், புராட்டஸ்டண்டுகள் அயர்லாந்தில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஒரு மீன்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குதிரை கிடக்கட்டும் சாரே. மீன்கூடையோட நின்ன என்னை ஏத்தாம பெல்லடிச்சுப் போனீரே, அதுக்குக் கேளும் முதல்ல."

அதற்கும் கேட்டார்.

கல்யாணம் அயர்லாந்தில் கத்தோலிக்கக் கோயிலில் நடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அப்பாவும் இங்கே வருவதாக ஏற்பாடு. தன் சபையில் அவர்களுக்காக ஒரு ஜெபம் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் இவர் ஆசை. சபைக் கமிட்டி நாலு பேர் கூடி, ஆர்.சி. கல்யாணத்துக்கு இங்கே இடமில்லை என்றார்கள். அன்று சாயங்காலம் குவாரிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அயர்லாந்து என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து நீட்டினார். "எலே, மேல கிடக்கிற தட்டைப் பாறையை எனக்குத் தா."

அடுத்த வாரம் வெடி வைக்க நான் ஆள் சொல்லியிருந்த பாறை அது.

"அண்ணே, நான் ஆர்.சி.யும் இல்ல, அது குதிரையும் இல்ல."

"அஞ்சு பவுண்டு நீட்டியாச்சு. மறுபேச்சு கிடையாது."

"நோட்டு செல்லாதே?"

"பாறையும்தான் நடக்காது. வாங்கி வைடே."

அவர் கண்ணைப் பார்த்தேன். வாங்கி வைத்தேன்.

ஜெபத்தன்று, அயர்லாந்திலிருந்து வந்த மூன்று பேருக்காகவும் பாறைமேல் ஜமுக்காளம் விரித்து, ஓய்வுபெற்ற ஒரு உபதேசியாரை உட்காரவைத்தார். கீழே ரப்பர் தோட்டத்தில் பிரியாணி. காவலுக்கு என்னைத்தான் மேட்டில் நிறுத்தினார். "பட்டாளம் வந்தா கொடி காட்டு." நான் முதலாளி. ஆனாலும் நின்றேன். கையில் கிடைத்தது குவாரிச் சிவப்புக் கொடி.

ஜெபம் பாதியில் கீழே நாலு தலை தெரிந்தது. கமிட்டி. கலைக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக் கொடியை ஆட்டினேன். எங்கள் பக்கத்தில் குவாரிச் சிவப்புக் கொடிக்கு ஒரே அர்த்தம்தான்: வெடி. நாலு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை இந்த ஜில்லா அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் ரப்பர் மரத்தின் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கையில் பரிசுப் பெட்டி. மனசு கேட்காமல் வாழ்த்த வந்திருக்கிறார்கள்.

மகள் இதை மாமனாருக்குச் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவங்க ஊர்ல ஒருநாளும் பட்டாளம் ஓடினதில்லையாம் அப்பா" என்றாள். கண்டக்டர் கமிட்டிக்காரர்களைத் தூசி தட்டிக் கூட்டிவந்து, ஆர்.சி.க் கிழவருக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்துத் தன் கையாலேயே பரிமாறினார்.

இப்போது அவரும் மனைவியும் மகளோடு அயர்லாந்தில்தான். நம் ஊர்ச் சரித்திரத்தை அங்குள்ள பஸ்களில் நடத்திக்கொண்டிருப்பார்.

போன வாரம் சூப்பர்வைசர் கேட்டான். "முதலாளி, மத்ததெல்லாம் முடிஞ்சாச்சு. அந்தத் தட்டைப் பாறைக்கு எப்போ வெடி?"

"அது நம்ம பாறை இல்ல மக்கா" என்றேன். "வித்தாச்சு."