உருக்குவிரல் உக்கிரன் பழிவாங்கிய கதை

கோபக்காரர்களில் பல வகை உண்டு. கத்துகிறவர், கையை ஓங்குகிறவர், சாப்பாட்டுத் தட்டை வீசுகிறவர், போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுக்கிறவர். இவர்களால் பெரிய ஆபத்து இல்லை, பொழுது சாய்வதற்குள் ஆறிப்போய், "காப்பி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்த இனம் வேறு. இவருக்குக் கோபமே வராது. நீங்கள் காலை மிதித்தால் "பரவால்ல, பரவால்ல" என்று சிரிப்பார். நீங்கள் நாலடி நடந்தபிறகு, உங்கள் முதுகைப் பார்த்து, தன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "வெச்சிக்கிறேன்."

எதை வைத்துக்கொள்வார்? எங்கே வைப்பார்? எப்போது வெளியே எடுப்பார்? அதெல்லாம் கேட்கக்கூடாது. மற்றவர்கள் வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக வைத்திருப்பார்கள். வெச்சிக்கிறேன் ஆசாமி வைத்திருப்பதற்காகவே வைத்திருப்பார்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வருவார், பந்தியில் மட்டும் உட்கார மாட்டார். தான் சாப்பிடாமல் போவதை யாராவது கவனிக்கிறார்களா என்று வாசலில் நின்று செருப்பை மாட்டுவார், கழற்றுவார், மறுபடியும் மாட்டுவார். மனைவியின் பிறந்தநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் எண்பத்தொன்பதாம் வருஷம் பொங்கலுக்கு மறுநாள், மச்சான் தன்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் பஸ்ஸில் ஏறிப்போனது நேரத்தோடு ஞாபகம் இருக்கும். "நான் எதையும் மனசுல வெச்சிக்கிறவன் இல்ல" என்று யாராவது வாரத்துக்கு மூன்று முறை சொன்னால், தயவுசெய்து இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

இந்த இனத்தின் மாதிரிப் பிரதியாக ராயபுரம் வால்டரை எடுத்துக்கொள்ளலாம். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேன். பைப்பு, வால்வு, பாய்லர் என்று எதைக் கொடுத்தாலும் சாய்வுப் பலகையில் தாளைப் பரப்பி, முடி கனத்துக்குக் கோடு இழுப்பார். அந்தக் கைக்கு ஆபீசில் ஒரு மரியாதை இருந்தது. அதே கைக்குக் கேரம் பலகையிலும் மரியாதை இருந்தது. அங்கே அவருக்கு ஜோடி கொருக்குப்பேட்டை அசோகன். கூட்ஸ் யார்டில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். பன்னிரண்டு வருஷம் பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆட்டம் முடிந்தால் சாப்பாடு அசோகன் வீட்டில். அவன் அம்மா குப்பம்மா மீன் குழம்பில் தலையை வால்டர் தட்டில் வைப்பாள். பெற்ற பிள்ளைக்கு வால்தான்.

தொண்ணூற்றேழு மே மாதம், தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நடந்த இரட்டையர் போட்டியில், இறுதி ஆட்டம். கடைசிக் காய். வால்டர் குறிபார்த்துச் சுண்டினார். காய் உள்ளே போனது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் உள்ளே போனது. தோல்வி. இருநூறு பேர் "ச்சோ" என்றார்கள். அசோகன் எட்டி, பலகைக்கு மேலாக அவர் தோளைத் தட்டி, "வுடு மாமு, கை ஆடிப்போச்சு" என்றான்.

ஆறுதல் என்று உங்களுக்குப் புரிகிறது. பந்தல்காரனுக்கும் புரிந்தது. வால்டருக்கு மட்டும், "டிராப்ட்ஸ்மேனுக்குக் கை நடுங்குகிறது" என்று ஒருவன் ஊரறிய அறிவித்ததாகக் காதில் விழுந்தது. போதாத காலம், அடுத்த திங்கட்கிழமை ஆபீசில் படம் வரையும் கம்ப்யூட்டர் வந்து இறங்க, அவருடைய சாய்வுப் பலகை சுவரோரம் போயிற்று. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆறு மாதம் முன்பே ஆர்டர் போயிருந்தது என்று மேனேஜரே சொன்னார். வால்டர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

அன்று மாலையே நேரே போய் அசோகன் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு பேரும் கத்தி, கெட்ட வார்த்தை பேசி, குப்பம்மா நடுவில் புகுந்து ஆளுக்கொரு அறை விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விஷயம் முடிந்திருக்கும். முடிந்துவிட்டால் அப்புறம் எதை வைத்துக்கொள்வது? வால்டர் "வெச்சிக்கிறேன்" என்றார். கேரம் ஆடுவதை நிறுத்தினார். உருக்குவிரல் உக்கிரனைப் பெற்றெடுத்தார்.

உக்கிரன் யார் என்கிறீர்களா? வால்டர் ஆபீஸ் தாளில் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, பிராங்கிளின் சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர்கள் படிப்பதற்காகப் போட்டுவைத்த பதினாறு பக்கச் சித்திரக்கதையின் வில்லன். ஊருக்கு வில்லன், வால்டருக்குக் கதாநாயகன். எண்ணூரில் ஒரு ரகசிய ஆராய்ச்சிக்கூடத்தில் உக்கிரன் என்கிற மேதை. கூடவே ஒரு துரோகி நண்பன், அசுரகன். (அசோகன் என்று எழுத நினைத்து, கடைசி நிமிடத்தில் மானநஷ்ட வழக்குக்குப் பயந்ததில் வந்த பெயர்.) அசுரகன் ஒரு லீவரை இழுக்க, மேதையின் வலக்கைச் சுட்டுவிரல் துண்டாகிறது. அங்கே உருக்கில் ஒரு விரல் பொருத்திக்கொண்டு உக்கிரன் எழுகிறான். ஒரு சுண்டு சுண்டினால் கன்டெய்னர் லாரி கடலில் போய் விழும்.

இத்தோடு விட்டிருந்தால் நல்ல கதைதான். ஆனால் வாழ்க்கையில் யாராவது எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்களே! ஆபீசில் கம்ப்யூட்டர் பயிற்சிக்குச் சின்னவன் ஒருவனை அனுப்பினார்கள். இரண்டாவது புத்தகத்தில் உக்கிரனின் வலக்கை முழுதும் இரும்பாயிற்று. மச்சான் குடும்பம் இவரைக் கூப்பிடாமல் வேளாங்கண்ணி போய்வந்தது. இரண்டு காலும் இரும்பு. பக்கத்து வீட்டு ஞானஸ்நான விருந்தில், இவர் இலைக்கு வந்த பிரியாணியில் கறித்துண்டே இல்லை. உக்கிரனுக்கு வயிற்றுப் பகுதியில் பாய்லர் வைக்கப்பட்டது. ஒவ்வொரு உறுப்பும் போனதற்கு அசுரகன்தான் காரணம் என்று காட்டவேண்டியிருந்ததால், ஒவ்வொரு புத்தகத்திலும் பழைய கதையைத் திருத்தி எழுதவேண்டி வந்தது.

"இன்னா வால்டரு, போன புக்குல கொதிக்கிற இரும்புல தள்ளிட்டான்னு போட்ட, இதுல கிரேன் மேலேர்ந்து தள்ளிட்டான்னு கீது?" என்று பிராங்கிளின் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டுந்தான்," என்றார் வால்டர்.

"எப்பத்தான் பயி வாங்குவான் இவன்?"

"வாங்குவான், வாங்குவான். அவசரப்படாத."

எங்கே வாங்குவது? பதினாறு பக்கத்தில் பதினைந்து பக்கம் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லவே உக்கிரனுக்குச் சரியாகப் போய்விடும். கடைசிப் பக்கத்தில் எண்ணூர்க் கடற்கரையில் நின்று விரலை நீட்டி உறுமுவான். கன்டெய்னர் லாரியைச் சுண்டத் தெரிந்தவனுக்கு, கொருக்குப்பேட்டை வரை ஒரு பஸ் பிடித்துப் போகத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் குப்பம்மா செத்துப்போனாள். செய்தி கேட்டதும் வால்டர் எல்லாவற்றையும் மறந்து ஒரு மாலையோடு கிளம்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வரை போய்விட்டார். அங்கே சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பசை காயாமல் இருந்தது. குப்பம்மாவின் படம். அதன் கீழே: "துயரத்தில் வாடும் மகன்கள் அசோகன், வாட்டர்."

மகன்கள் என்று போட்டிருந்தது. அதை அவர் படித்தாரா? படித்தார். ஆனால் கண் போய் நின்றது வாட்டரில். ஒரு எழுத்து! அச்சுக்கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்ட ஒரு எழுத்து! ஊர் முழுக்கச் சிரிப்பதற்காகவே அசோகன் செய்த வேலை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்து, மாலையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு வால்டர் வந்த வழியே திரும்பிவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் தனக்கு மீன் தலை வைத்தவளின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை. ஏழாவது புத்தகத்தில் உக்கிரனின் நெஞ்சு இரும்பாயிற்று. மிச்சம் சதையாக இருந்தது இடது காது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து வால்டர் எட்டாவது புத்தகத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"மாமு, கீறியா?"

"வாங்கண்ணா! இப்பத்தான் வூட்டுக்கு வயி தெரிஞ்சிச்சா?" என்று வால்டரின் மனைவி ஹெப்சிபா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வால்டர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அசோகன் உட்காராமலே மடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். "கார்குழலிக்குக் கண்ணாலம் மாமு. எம் பொண்டாட்டி சிவந்தி கூடப் பொறந்ததுங்க எல்லாம் பொட்டப் புள்ளைங்கதான்னு உனுக்குத் தெரியும். என் பொண்ணுக்குத் தாய்மாமன் நீதான். நீதான் மாலை போட்டு மேடைக்குக் கூட்டினு போவணும். போன தபா அம்மா போஸ்டர்ல பிரஸ்காரன் உன் பேரக் கலீஜ் பண்ட்டான். அவனாண்ட சண்ட போட்டேன், இன்னா பிரயோஜனம்? அத்தொட்டு இந்த தபா அச்சுல ஏத்தறதுக்கு முன்னாடியே புரூஃப எடுத்தாந்துட்டேன். உன் பேர நீயே பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு. அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்."

வால்டர் வாங்கிப் பார்த்தார். தாய்மாமன்: வால்டர். எழுத்து சரி. இனிஷியல் சரி. இடம் சரி. திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாத அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே, குறை கண்டுபிடிக்க முடியாத வெச்சிக்கிறேன் ஆசாமியைப்போலப் பரிதாபமான பிராணி கிடையாது.

அதற்குள் அசோகன் மேஜையிலிருந்த ஏழாவது புத்தகத்தை எடுத்து, நின்றபடியே புரட்டிக்கொண்டிருந்தான். "சோக்கா வரஞ்சிக்கிற மாமு! கை இன்னும் அப்டியே கீது. ஆமா, ஒடம்பு பூரா இரும்பாக்கிட்ட, இந்தக் காத மட்டும் இன்னாத்துக்கு வுட்ட?"

"துரோகி வந்து மன்னிப்பு கேட்டா காதுல வுயணும்ல."

அசோகன் உக்கிரனின் இரும்பு நெஞ்சில் விரலை வைத்தான். "இவன் நான்தான் மாமு," என்றான்.

வால்டர் நிமிர்ந்தார்.

"அம்மாவ மூலக்கொத்தளம் இடுகாட்டுல எறக்கறப்போ, நீ வருவ வருவன்னு திரும்பித் திரும்பிப் பாத்துகினே நின்னேன். குயி மூடற வரிக்கும் பாத்தேன். அப்பால எனுக்கும் இந்த நெஞ்சு இப்டித்தான் இரும்பாப் பூட்ச்சு. உன்ன இந்த ஜென்மத்துல பாக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். ஒரு வருசம் இருந்தேன். முடில மாமு. பேஜாரா கீது. வுட்டுட்டேன்."

இதற்கு ஒரு மனிதன் என்ன சொல்லவேண்டும்? வால்டர் சொன்னது இது: "அன்னிக்கு ஃபைனல்ல நீ சொன்னது மட்டும்?"

"எந்த ஃபைனல்லு? நம்ம தோத்தமே, அதுவா? ரெட் காய மிஸ் பண்ணி ஆட்டத்தக் கெடுத்ததே நாந்தானே! அத்த நெனச்சா இன்னிக்கும் மன்சு கேக்காது. நான் இன்னா சொன்னேன்?"

ஏழு வருஷம், ஏழு புத்தகம், ஒரு டன் இரும்பு. எல்லாம் எந்த வாக்கியத்தின் மேல் நின்றதோ, அந்த வாக்கியத்தைச் சொன்னவனுக்கே அது ஞாபகம் இல்லை! நீங்களும் நானுமாக இருந்தால் சிரித்திருப்போம், அழுதிருப்போம், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்போம். வால்டருக்கு முகம் இறுகிற்று. மறந்துவேறு போய்விட்டானா?

"புரூஃப வெச்சிட்டுப் போ. பாத்து சொல்றேன்," என்றார்.

அசோகன் அவர் முகத்தைப் பார்த்தான். படியிறங்கினான்.

"இன்னா மன்சன்யா நீ?" என்று ஹெப்சிபா வால்டர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரை ஓடி, "பேரு கரீட்டா கீதாம்ணா, போட்டுடச் சொன்னாரு" என்று கொடுத்துவிட்டு வந்தாள். அழைப்பிதழ் அப்படியே அச்சாகி வந்தது.

கல்யாணத்தன்று வால்டர் கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். மண்டபத்தின் எதிரே ஷேர் ஆட்டோ நின்றதும், "நீ உள்ள போ, நான் வரேன்" என்று ஹெப்சிபாவை அனுப்பிவிட்டுத் தெருவுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டார். வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் அசோகனின் பங்காளிகள், அசோகன் இல்லை. தாய்மாமன் என்றால் பெண்ணைப் பெற்றவனே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டாமா? உள்ளே அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்பது இந்த இனத்தின் மண்டையில் ஏறாது.

மைக் கரகரத்தது. "பெண்ணின் தாய்மாமன் வால்டர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

பேரைச் சரியாகத்தான் சொன்னார்கள். வால்டர் டீயை ஆற்றினார். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள். பிறகு மைக்கை யாரோ பிடுங்கும் சத்தம்.

"மாமு, எங்க கீற? வா மாமு. பொண்ணு மாலைக்கு நின்னுகினு கீது."

அசோகன் குரல். தெரு முழுக்கக் கேட்டது. வால்டரின் ஒரு கால் டீக்கடைப் படியிலிருந்து இறங்கியதும் உண்மை. ஆனால் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று தோன்றியது. இன்னும் ஒரே ஒரு தடவை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இன்னொரு தடவை கூப்பிடவில்லை. மேளம் கொட்டியது. திறந்திருந்த வாசல் வழியே மேடை நன்றாகத் தெரிந்தது: சலூன் பிராங்கிளின் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு மாலையைத் தூக்க, கார்குழலி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அசோகன் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. உருக்குவிரல் உக்கிரன் ஒருவழியாகப் பழிவாங்கிவிட்டான். யாரைப் பழிவாங்கினான் என்று டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இதுவரை படித்ததில் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். "அச்சு அசல் அவனேதான்!" என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். இதைக் கத்தரித்து அவருக்கு அனுப்பினால் என்ன என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். உறை மேல் விலாசம் எழுத உட்காரும்போதுதான் தெரியும், அவர் வீடு மாறி மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. "மாறினவன்தானே முதல்ல சொல்லணும்?" என்று வாய்வரை வருகிறதா? வாருங்கள். டீக்கடையில் வால்டருக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது.