பேய்க்கு வலது முழங்காலில் வலி

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் தங்கையும் நலம் என்று எழுதக் கை தானாகப் போயிற்று, நிறுத்திவிட்டேன். அவளைக் கேட்காமல் அவள் நலத்தை எழுதக் கூடாது என்று இந்த வீட்டில் இப்போது ஒரு விதி இருக்கிறது. எழுந்து போய்க் கேட்டேன். "இருக்கேன்னு எழுதுங்க" என்றாள். எனவே, அவள் இருக்கிறாள். உங்கள் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் அவரவரிடம் கேட்டு எழுதவும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேனை எடுத்துக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். போன வாரம் அவள் உங்களிடம் போனில் சொன்னபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை நான்கு முறை மடித்தேன். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீங்கள் "அவகிட்ட குடுங்க" என்பீர்கள். அதனால்தான் கடிதம். விடையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்குவதுதான் என் வழக்கம். விடை: நீங்கள் வர வேண்டாம். அவள் கிளம்பப் போவதில்லை. இனி விளக்கம்.

எல்லாம் ஒரு முழங்காலில் ஆரம்பித்தது. மூட்டு டாக்டரிடம் போயிருந்தோம். டாக்டர் அவளைப் பார்த்து, "எந்தக் கால்மா, எப்பலேருந்து?" என்று கேட்டார். "இடது கால், மூணு மாசமா, மாடி ஏறினா அதிகம்" என்று நான் சொன்னேன். கேள்வி இரண்டு என்றாலும் மூன்றாவது விவரத்தையும் சேர்த்துச் சொல்வது, முழு மதிப்பெண் வாங்க நினைக்கும் மாணவனின் இயல்பு. டாக்டர் இடது முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், ரொம்ப நன்றாக இருக்கிறதே என்றார், இருந்தாலும் இருக்கட்டும் என்று இடது காலுக்கு அளவெடுத்து ஒரு பட்டை கொடுத்தார். வலி வலது காலில். அவள் வீட்டுக்கு வந்து பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "இனிமே எனக்கும் சேர்த்து நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதோடு சரி. அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதை நான் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று மச்சான். காரணம், அந்த மூன்று நாளும் பேச்சு வழக்கம்போலத்தான் நடந்துகொண்டிருந்தது. "காபி போடவா? போடு. சர்க்கரை கொஞ்சம் குறைச்சலா? ஆமா, குறைச்சல்தான்." எல்லாம் நானே.

இந்த நிலைமையில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாடிப்படியும் நீளமான நடையும் உள்ள வீடு வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே வந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு நாளுக்குப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். சண்டை நடக்கிறது, தள்ளிப் போடுங்கள் என்று சொல்ல முடியுமா? இயக்குநர் ஒரு சின்னப் பெண். சின்னப் பெண் என்றால் நாற்பது இருக்கும். எனக்கு அறுபத்தைந்துக்குக் கீழே எல்லோரும் பின்வரிசைப் பிள்ளைகள்தான். அவர் எனக்குக் கதை சொன்னார். கல்யாணம் ஆகப் போகிற ஒரு ஜோடி, ஆகிப் பிரியப் போகிற ஒரு ஜோடி, பிரிந்தபின் திரும்பச் சேரலாமா என்று யோசிக்கிற ஒரு ஜோடி, மூன்றும் ஒரு பழைய வீட்டிலிருக்கும் ஜோசியரிடம் கைரேகை பார்க்க வருகின்றன. அந்த வீட்டில் ஒரு பேய். அந்த ஜோசியரின் செத்துப்போன மனைவிதான் அது. வருகிறவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. நடக்கப் போவதெல்லாம் பேய்க்குத் தெரியும், ஆனால் பேசாது. ஜோசியருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நிறுத்தாமல் பேசுவார். "தெரிஞ்சவளுக்கு வாய் கிடையாது, வாய் இருக்கிறவனுக்கு எதுவும் தெரியாது, இது என்னம்மா கதை, உலகத்துல எங்கயாவது உண்டா?" என்று நான் சிரித்தேன். இயக்குநர் என்னையும், கைப்பிடிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்த உங்கள் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அவர்கள் வந்தபிறகு எங்கள் வீட்டில் காலமே குழம்பிப்போயிற்று. நான் முப்பத்துநான்கு வருஷம் பூகோளம் நடத்தியவன். பகலும் இரவும் எப்படி உண்டாகின்றன என்பதை ஒரு எலுமிச்சம்பழத்தையும் டார்ச் விளக்கையும் வைத்து விளக்குவேன். இவர்கள் பூமியைச் சுற்றவிடவே இல்லை. ஜன்னல்களுக்கு வெளியே நீலத் துணி கட்டினார்கள். அதற்குப் பின்னால் பெரிய விளக்கு ஒன்றை ஏற்றினார்கள். காலை பதினொரு மணிக்கு எங்கள் கூடத்தில் நிலா அடித்தது. ஒரு சின்ன இயந்திரம் மூச்சுவிடுவதுபோலப் புகையை விட்டது. அது தரையோடு தவழ்ந்து படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறியது. வாசலில் வெயிலில் தபால்காரர் நிற்பார். நான் நிலாவிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப நிலாவுக்குள் போவேன். அந்த நீலத்தில் எங்கள் பழைய நாற்காலிகள்கூட யாரோ எழுந்துபோன நாற்காலிகள்போலத் தெரிந்தன. அந்த மூன்று ஜோடிகளும் கேமரா முன்னால் கண்ணுக்குள் கண் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். விளக்கை அணைத்ததும் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களோ என்று நினைத்தேன்.

பேயாக நடிக்க வந்த அம்மாளுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் தும்மினார். பேய் நடந்து வரும், ஜோடி நடுங்கும், பேய் தும்மும். நான்காம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மத்தியானம் உங்கள் தங்கை தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நடையில் போனாள். எதிரே நான் நின்றேன். என்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காக நேரே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், என் வழியாகவே நடந்து போவதுபோலப் போனாள். கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இயக்குநர் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "இவங்கதான்" என்றார். பிறகு வந்து அவளிடம், "அம்மா, நீங்க நடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "அவளுக்குக் கூச்சம். புகை ஆகாது. பத்துப் பேர் முன்னாடி நிக்கவே மாட்டா" என்று நான் சொன்னேன். இயக்குநர் ரொம்ப மரியாதையாக, "சார், நான் அம்மாவைக் கேட்டேன்" என்றார். உங்கள் தங்கை செம்பைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் குரல் அது. அதுவும் என்னிடம் இல்லை. தன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்கிறாளே என்று சொல்ல வாய் திறந்தேன். நல்லவேளை, புகை வாய்க்குள் போய்விட்டது.

மச்சான், அவள் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாம்பல் நிறச் சேலை, அவளுடையதுதான், அலமாரியில் கிடந்தது. முகத்துக்கு ஒன்றும் பூசவில்லை. நிலாவில் படியிறங்கி வந்தாள். ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று, எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டு, பிறகு அடுத்த படி. கையில் பெட்டி வைத்திருந்த லைட்காரர் பெட்டியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். நான் மாடிப்படிக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷமாக என் முன்னால் நடக்கிற பெண்மணி. அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. தினம் சுவரில் தொங்குகிற வரைபடத்தில் ஒரு நதியைத் திடீரென்று கவனிப்பதுபோல. "அந்த வலது கால் தயங்குது பாருங்க, அங்கதான் சார் பேயே இருக்கு" என்று ஒலிப்பதிவு செய்பவர் என் காதருகில் சொன்னார். அந்தக் கூடத்தில் நாற்பது பேர். அவளுக்கு வலிப்பது வலது கால் என்று நடையைப் பார்த்தே தெரிந்துகொள்ளாத ஆள் நான் ஒருவன்தான். அன்று சாயந்திரம் இடது கால் பட்டையைத் தனியாக எடுத்துப்போய், டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு மாற்றி வாங்கி, அவள் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அதைப் போட்டிருந்தாள். பேசவில்லை.

கடைசி நாள்தான் முக்கியம். படம் முடிகிற இடம். தன் மனைவி பேயாகக் கூடவே இருக்கிறாள் என்பதை ஜோசியர் கடைசியில் உணர்கிறார். தன் கையை நீட்டுகிறார், பேய் அதன்மேல் கை வைக்கிறது, "இனியும் என்னோட இருப்பியா?" என்று கேட்கிறார். பேய் பதில் சொல்லாது. அதோடு படம் முடிகிறது. ஜோசியராக நடித்தவர் நிஜத்தில் பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கிறவர்; குரல் கணீரென்று இருக்கும், கை மட்டும் குழந்தைக் கைபோல மொழுமொழுவென்று இருக்கும். நெருங்கி எடுத்தால் ரேகையே விழவில்லை. ரேகை உள்ள வயசான கை வேண்டும் என்றார்கள். என் கையைக் காட்டினேன். சாக்பீஸ் தின்ற கை; நதியும் கிளைநதியுமாக நன்றாகவே ஓடுகிறது. டோக்கன்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "சார், உங்க வாய் கையிலேயே தெரியுதே" என்றார். இயக்குநர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கை மட்டும் போதும் சார்."

உட்கார்ந்தேன். நிலா வந்தது, புகை வந்தது, என் உள்ளங்கையில் அவள் கை வந்தது. குளிர்ந்த கை. பின்னாலிருந்து டோக்கன்காரர், "இனியும் என்னோட இருப்பியா?" என்று கேட்டார். "இருப்பா" என்றேன் நான். கட். மறுபடியும் எடுத்தார்கள். "இருப்பா, எங்க போவா" என்றேன். கட். மூன்றாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டேன். தலை தானாக ஆடியது, கூடவே கையும். நான்காம் முறையும் அப்படியே. இயக்குநர் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, ஒரு சந்தேகம் கேட்கிற மாணவியைப்போல, "சார், கிளாஸ்ல ஒரு பிள்ளைக்குப் பதில் வரலன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "காத்திருப்பேன்" என்றேன். "எவ்வளவு நேரம்?" "அது வர்ற வரைக்கும்." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதற்குத்தான் எனக்குப் பெயர். திக்குவாய்ப் பிள்ளைகளை என் வகுப்பில்தான் போடுவார்கள். மணி அடித்தாலும் நான் அடுத்தவனைக் கேட்கமாட்டேன். ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்த நேரத்தில் அரை நிமிஷத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஐந்தாம் முறை கண்ணை மூடிக்கொண்டேன். கேள்வி வந்தது. நான் காத்திருந்தேன். அவள் கை என் கைமேல் இருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. நான் ஆற்றின் நடுவில் ஒரு கல்லில் நிற்பதுபோலவும், தண்ணீர் இரண்டு பக்கமும் போவதுபோலவும் இருந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். அவள் கை என் கையை அழுத்தியது. நன்றாகவே அழுத்தியது. கண்ணைத் திறந்தேன். நிலா போய் வெயில் வந்திருந்தது. கூடத்தில் ஒருவரும் இல்லை. அவ்வளவு உருக்கமான காட்சி, மரியாதையாக விலகிப்போயிருந்தார்கள். அவள் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தாள். "டீ ஆறிடும், வாங்க" என்றாள். என்னிடம்.

ஆகவே அந்த அழுத்தலுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் இருக்கப் போகிறாள். வேனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு என் ஆசியும், நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அதுவும். கீழே உள்ள இடத்தை உங்கள் தங்கைக்காக விட்டிருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிக்கவும் மாட்டேன். அவளே ஒட்டி அவளே போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு:

அண்ணா, நீ ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு கட்டாயம் வா. ஏற்றிக்கொண்டு போக வேண்டியது என்னை இல்லை, இவரை. அந்த இயக்குநர்ப் பொண்ணு அடுத்த படத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மறுபடியும் பேய்தான், ஆனால் இந்தத் தடவை வசனம் இருக்கிறது. வெளியூரில் பன்னிரண்டு நாள். சரி என்று நானே சொல்லிவிட்டேன். இவருக்கு இன்னும் தெரியாது. தனியாக விட்டால் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அலமாரிக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார். உன் பேரப்பிள்ளைகளை நதிகளைப் பற்றிக் கேட்கச் சொல், பொழுது போய்விடும். அவர் கையை நான் ஏன் அழுத்தினேன் தெரியுமா? உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி பிடித்துக்கொண்டது, எழுந்திருக்கலாம் என்று ஊன்றினேன். போகட்டும், அவர் நினைத்ததையே நினைத்துக்கொண்டிருக்கட்டும். இன்னொன்று. இரண்டு நிமிஷம் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பொண்ணு எடுத்த உடனேயே கட் சொல்லிவிட்டாள். இவருக்குக் காதில் விழவில்லை. விளக்கை அணைத்தார்கள், நீலத் துணியைக் கழற்றினார்கள், எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என் பதிலுக்குக் காத்திருந்தார் அண்ணா. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கையை எடுக்க மனசு வரவில்லை. எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார், பார்ப்போமே என்று நானும் பேசாமல் இருந்தேன். வலி வராமல் இருந்திருந்தால் இன்னும்கூட இருந்திருப்போம். பதிலைப் பதிமூன்றாம் நாள் வந்து நானே சொல்கிறேன். அது என்னவென்று உனக்குத் தெரியும். எனக்குப் பதிலாக நீ சொல்லிவிடாதே.