ரப்பர் விலைக்குக் கீழே ஒரு வரி

இன்றைக்குக் கையில் செல்போன் உள்ளவர்கள் எல்லாம் அரசியல், சமூகம், கிரிக்கெட் என்று தினமும் அபிப்பிராயம் எழுதித் தள்ளுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்தத் தொழிலை உலகத்தில் முதன்முதலாகத் தொடங்கியவர் தமிழ்நாடு-கேரள எல்லையான பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் வாங்கி விற்ற ஒரு மனிதர். கம்ப்யூட்டர் என்றால் என்னவென்று எங்கள் முக்குக்குத் தெரியாத தொண்ணூறுகளில், ஒரு கரும்பலகையையும் சாக்பீஸையும் வைத்துக்கொண்டு இரண்டு மாநிலங்களை ஆட்டி வைத்தவர்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'அவிப்ராயம்'. எதைச் சொன்னாலும் அப்படித்தான் தொடங்குவார். "எனக்க அவிப்ராயத்துல ஒரு சாயா குடிக்கலாம், மதுரம் கொறச்சு."

அவர் கடையை ஒட்டி என் தையல் கடை. கடையில் இருந்த ஒரே ஆடம்பரம், கடன் வாங்கிச் செய்த கண்ணாடி அலமாரி. அவருடைய பலகைக்கும் அதற்கும் நான்கடி தூரம்கூட இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்களுக்குப் பயப்பட நேரம் காலம் உண்டு. எனக்குக் கடை திறந்ததிலிருந்தே அந்தக் கண்ணாடியை நினைத்துப் பயம்தான்.

பலகை என்றால் சாதாரணப் பலகை இல்லை. கூடாரம் போல நிற்கும், இரண்டு முகம் கொண்டது. தமிழ்நாட்டைப் பார்த்த முகத்தில் தமிழ், கேரளத்தைப் பார்த்த முகத்தில் மலையாளம். அன்றன்றைக்கு ஷீட் என்ன விலை, மரத்தில் உறைந்து கிடைக்கும் ஒட்டுப்பால் என்ன விலை, அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். ஒருநாள் போன் கெட்டு, கோட்டயம் ரப்பர் சந்தையிலிருந்து விலை வரவில்லை. வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனசு வரவில்லை. "விலை வரவில்லை. டெல்லி சர்க்காரும் நிலைக்காது" என்று எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் டெல்லியில் சர்க்கார் விழும் என்று யார் சொன்னாலும் பலிக்கும். விழுந்தது.

அன்றோடு பிடித்தது வினை. மேலே விலை, கீழே அபிப்பிராயம். விலை ஏறும், இறங்கும். அபிப்பிராயம் ஏற மட்டுமே செய்யும். மறுத்துப் பேச விரும்புகிறவர்களுக்காகப் பலகையின் காலில் சணல் கட்டி ஒரு சாக்பீஸையும் தொங்கவிட்டிருந்தார். மறுத்துப் பேசினவர்கள் பெரும்பாலும், "எலே, ஒட்டுப்பாலுக்கு வெலயைக் கூட்டு" என்றுதான் எழுதினார்கள்.

காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை விசாரணை.

"அண்ணே, இண்ணைக்கு யாருக்க மண்டை?"

"பயப்படாதே டெய்லரே. கல்லு வந்தா எனக்க பலகையிலதான் படும்."

"எறியியவனுக்குக் குறி தப்பினா?"

"அது ஸ்போர்ட்ஸ். அதை நாளைக்கு எழுதலாம்."

ஸ்போர்ட்ஸில் அவர் முறையே தனி. காலையில், "இன்று இந்தியா ஜெயிக்கும்." மதியம் இரண்டு விக்கெட் விழுந்ததும், "இன்று இந்தியா ஜெயிக்கும் என்று நினைத்தேன்." சாயங்காலம் எல்லாம் முடிந்தபின், "இன்று இந்தியா ஜெயிக்கும் என்று நினைத்தவர் டெய்லர்." அன்று இரண்டு பேர் என் கடைக்கே வந்து, "உமக்குக் கிரிக்கெட் தெரியுமா ஓய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சமூகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோயில் மைக்கும் சர்ச் மைக்கும் ஒரே நாளில் போட்டி போட்டு அலறியபோது, "கடவுளுக்குக் காது கேட்கும்" என்று எழுதினார். கோயில் கமிட்டியும் சர்ச் கமிட்டியும் சேர்ந்து சண்டைக்கு வந்தன. நான் அலமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாகத் துடைத்துவிட்டு, "இரு கமிட்டிகளும் முதல்முறையாக ஒன்றாக வந்தன. மத நல்லிணக்கம் வாழ்க" என்று எழுதினார். வந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஆளுக்கொரு சாயா குடித்துவிட்டுப் போனார்கள்.

கட்டிட முதலாளிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "இனி ஒரு பிரச்சினை வந்தா பலகையில வெல மட்டும்தான். கேட்டியா? இல்லேண்ணா கடையை ஒழிஞ்சு தரணும்."

அவிப்ராயத்தின் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன். கடை போனால் வேறு கடை கிடைக்கும். பலகை இல்லாமல் அந்த மனிதர் எப்படி மூச்சு விடுவார் என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.

அடுத்த பிரச்சினை நல்ல காரியத்திலிருந்து வந்தது. எங்கள் வாலிபால் கிளப்பின் கேப்டனும் செக்ரட்டரியும் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கேரளத்து வெள்ளறடையில் டூர்ணமென்ட் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அவிப்ராயம் இருவரையும் கடையில் உட்கார்த்தி, பருப்பு வடை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் பலகையின் இரண்டு முகத்திலும் எழுதினார்: "கேப்டனும் செக்ரட்டரியும் ராஜி."

தமிழில் ராஜி என்றால் சமாதானம். மலையாளத்தில் ராஜி என்றால் ராஜினாமா.

தமிழ்ப் பக்கம் படித்தவர்கள் கை தட்டினார்கள். மலையாளப் பக்கம் படித்தவர்கள் பஸ் ஏறி வெள்ளறடைக்குச் செய்தி கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் டூர்ணமென்ட் கமிட்டி எங்கள் டீமின் பெயரை வெட்டிவிட்டு, ஆரியங்கோட்டு டீமைச் சேர்த்துக்கொண்டது. கேப்டனும் செக்ரட்டரியும் ஆளுக்கொரு பக்கமிருந்து கடைக்கு ஓடி வந்தார்கள்.

"எலே செக்ரட்டரி, எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லாம ராஜி வச்சிட்டியாமே!"

"நீயில்லா வச்சே? ஊரு முழுக்கப் பறயுது!"

"நீ வச்சா நானும் வைப்பேன்!"

"வையி பாப்போம்!"

ராஜியானவர்கள் ராஜி வைக்கப் போகிறார்கள். அவிப்ராயம் பலகையைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். அது உள்ளே அடங்கவில்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார். வழி நெடுக, எதிரே வரும் பஸ் பலகையில் இடிக்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளறடைக் கமிட்டித் தலைவர் பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இதுல எது சரி?"

"ரெண்டும் சரியாக்கும் சாரே. அங்க நிண்ணா அவனுவ பிரிஞ்சாச்சு. இங்க நிண்ணா சேந்தாச்சு. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நில்லுங்க."

தலைவர் சிரித்துவிட்டார். ஆரியங்கோட்டையும் வைத்துக்கொண்டு எங்களையும் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீம் முதல் ஆட்டத்திலேயே ஆரியங்கோட்டிடம் தோற்று வீட்டுக்கு வந்தது.

ஆனாலும் முதலாளி சொன்ன சொல்லை மாற்றவில்லை. திங்கட்கிழமை பலகையில் விலை மட்டும் இருந்தது. ஷீட்டைத் தலையில் சுமந்து வந்தவர்கள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"பாக்கி எங்க?"

"இவ்வளவுதான்" என்றார் அவிப்ராயம். சாயாகூடக் கேட்கவில்லை.

கேப்டனும் செக்ரட்டரியும் ஒன்றாகவே முதலாளியிடம் போனார்கள். "மொதலாளி, நாங்க எதுக்குத் தோத்தோம்ணு அவரு எழுதாம எப்பிடி?" தோல்விக்குக் காரணம் மற்றவன்தான் என்று அவர் எழுதுவார் என்று இருவருக்குமே உறுதி.

சாயாக்கடை பெஞ்சில் இருந்த முதலாளி தொண்டையைச் செருமினார். "எனக்க அவிப்ராயத்துல..." என்று தொடங்கியவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடையே சிரித்தது. முதலாளிக்கும் அடக்க முடியவில்லை. "செரி, ஒரு வரி. ஒண்ணே ஒண்ணு."

அவிப்ராயம் சாக்பீஸோடு வெகுநேரம் நின்றார். டெல்லியா, வாலிபாலா, முதலாளியா என்று ஊரே காத்திருந்தது. நான் அலமாரியை மூடித் துணி போட்டுவிட்டு, மெதுவாகப் போய்ப் பார்த்தேன்.

"டெய்லர் பயப்பட இன்று ஒன்றுமில்லை."

சந்தேகம் யாரை விட்டது? சுற்றிப் போய் மறுபக்கமும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மலையாளத்திலும் அதே அர்த்தம்தான்.